சளின்னா ஒட்டணும்லா: மூளைக் கட்டி எடுத்த பிறகு மூக்கில் ஒழுகும் தண்ணி

ஜூன் 12, இரவு 8.20. ஆலங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது

அம்மாவுக்குக் காது நரம்பில் கட்டி. வலது காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தார்கள், மூன்று வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து வலது மூக்கில் தண்ணியாக ஒழுகுகிறது. சாரல் காத்து அடிக்கிறது, சளியாக இருக்கும் என்கிறார் அப்பா. ஆபரேஷன் காதுப் பக்கம்தானே, மூக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா? அடுத்த செக்கப் 28ஆம் தேதி. அதுவரை பொறுக்கலாமா? அனுபவப்பட்ட அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 12, இரவு 9.50

தம்பி, என் அக்காவுக்கு 2019இல் மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டி எடுத்தார்கள். பிட்யூட்டரி என்றால் மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு சுரப்பி. அதற்கப்புறம் மூளைத் தண்ணி (மூளையைச் சுற்றி இருக்கிற நீர்) கசிந்து இரண்டாவது ஆபரேஷன் வரை போனது. அவளுக்கு மூக்கு வழியாகவே உள்ளே போனதால் மூக்கில் வந்தது. உங்கள் அம்மாவுக்குக் காதுப் பக்கம். கசிந்தால் தையல் வழியாகக் கசிய வேண்டும், மூக்குக்கு வர வழியில்லை. சளியாகத்தான் இருக்கும். எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜூன் 12, இரவு 11.35

மேலே எழுதியது தப்பு. அழிக்காமல் விடுகிறேன், என்னை மாதிரி இன்னொருத்தரும் இப்படித்தான் நினைப்பார்.

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. அக்கா இருந்த வார்டில் பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் தையல் காதுக்குப் பின்னால். ஆனால் மூக்குக்குக் கீழேதான் பஞ்சு கட்டியிருந்தார்கள். அவர் மகன் எனக்கு விளக்கமாகவே சொல்லியிருக்கிறார், நான்தான் மறந்துவிட்டேன். காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு தேனடை மாதிரி, உள்ளே பூராவும் காற்றறைகள். ஆபரேஷனில் அதில் சில திறந்துகொள்ளும், மெழுகு வைத்து அடைப்பார்கள். ஒன்று விட்டுப்போனாலும் மூளைத் தண்ணி அதில் புகுந்து நடுக்காதுக்கு வந்துவிடும். செவிப்பறை முழுசாக இருக்கிறதால் காதுக்கு வெளியே வர முடியாது. மாஞ்சோலை மலையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'பட்'டென்று திறக்குமே, அந்தக் குழல் வழியாக மூக்கின் பின்பக்கம் இறங்கும். குனிந்தால் மூக்கில் சொட்டும். படுத்தால் தொண்டையில் போகும், வெளியே தெரியவே தெரியாது.

அதனால் 28 வரை பொறுக்காதீர்கள். காலையில் முதல் வேலை, ஆபரேஷன் செய்த இடத்துக்கு போன். காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, பேச்சில் குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று கூட இருக்க வேண்டாம். அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இப்பவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள்.

ஜூன் 13, காலை 6.10

தூக்கம் வரவில்லை. போன் போடும்போது கேட்பார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மூக்கில் மட்டுமா, குனிந்தால் கூடுகிறதா, உப்புக் கரிக்கிறதா, உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் குறைகிறதா. தையலுக்குப் பக்கத்தில் மெத்தென்று வீக்கம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், அமுக்க வேண்டாம். அம்மாவை மூக்குச் சிந்த மட்டும் விடாதீர்கள்.

ஜூன் 13, மதியம் 2.30

தம்பி பதில் போட்டிருக்கிறார்: குனிந்தால் சொட்டுகிறது, உப்புக் கரிக்கிறது, காய்ச்சல் இல்லை, உடனே வரச் சொல்லிவிட்டார்கள், கிளம்பிவிட்டோம். நல்லது.

அக்கா கதையைக் கேட்டிருக்கிறார்கள். கடையம் பக்கம் அவளுக்கு வீடு, பீடி சுற்றுகிறாள். முதலில் கண்தான் காட்டிக்கொடுத்தது. நேரே பார்த்தால் தெளிவு, ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தினது மாதிரி. பக்கத்தில் இருக்கிற நூல்கண்டைத் தேடுவாள், தெருவில் சைக்கிள் வந்தால் மோதினபிறகுதான் தெரியும். கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். கண் ஆஸ்பத்திரியில் பக்கப் பார்வை டெஸ்ட் எடுத்த பிறகுதான் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கண் நரம்பு ரெண்டும் குறுக்கே போகிற இடத்துக்குக் கீழே பிட்யூட்டரி இருக்கிறது; அங்கே கட்டி வளர்ந்து அடியிலிருந்து நரம்பை முட்டியிருக்கிறது.

ஆபரேஷன் வெளியூரில், மே கடைசியில். நல்லபடியாக முடிந்தது. மறுநாளே "உன் தோள் தெரியுதுல" என்றாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் படித்துக் காட்டினேன், அவளும் தலையாட்டினாள்.

மகள் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடிக் கணக்கை முடிக்கணும் என்று திணறியதைப் பார்த்துவிட்டு, இலை மட்டும் நறுக்கித் தாரேன் என்று சொளகை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பீடி வேலையில் குனியாமல் என்ன இருக்கிறது? நான் போனபோது இலையில் ஒரு சொட்டு விழுந்தது. ரெண்டு மூச்சு விட்டு இன்னொரு சொட்டு. இலை கருத்து நனைந்தது, அவ்வளவுதான். மேலே ஒன்றும் நிற்கவில்லை.

"ஏல, இது சளி மாதிரி இல்லல. சளின்னா ஒட்டணும்லா?" என்றாள்.

முப்பது வருஷம் இலையோடு புழங்குகிறவள் சொன்ன பேச்சு அது. நான் கேட்கவில்லை. சாரல் காத்துக்கு எல்லார் வீட்டிலும்தான் மூக்கு ஒழுகுது என்றேன். உள்ளூர் டாக்டர் ஒருத்தர் சளி மாத்திரை எழுதினார். ஆச்சி நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். நான் அதோடு நிற்காமல், "நல்லா சிந்து, உள்ள இருக்கிறது வந்துரும்" என்று துண்டை வேறு எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் இப்படிப் போனது.

ஜூன் 13, இரவு 10.05

ஒருத்தர் எழுதியிருக்கிறார்: கசிவு என்றாலே டாக்டர் கைத்தவறு, கேஸ் போடணும் என்று. நானும் அந்தக் கோபத்தில்தான் போனேன். ஆபரேஷன் செய்தவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பிட்யூட்டரி ஒரு எலும்புக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்துக்கு மேலே மெல்லிய சவ்வு, சவ்வுக்கு மேலே மூளைத் தண்ணி. கட்டி பெரிசாக வளரும்போது அந்தச் சவ்வையும் சேர்த்து மேலே தள்ளி, வெங்காயத் தோலாக ஆக்கிவிடும். கட்டியைச் சுரண்டி எடுத்ததும் சவ்வு கீழே இறங்கும், அப்போது கிழியலாம். கண்ணுக்குத் தெரிந்த கிழிசலை அங்கேயே அடைத்துவிடுவார்கள். ஊசி முனை அளவு இருந்தால் அன்றைக்குத் தெரியாது, ஒரு வாரம் கழித்து ஒரு இருமலில் திறக்கும். கட்டி பெரிசாக இருந்தால், இரண்டாந்தரம் ஆபரேஷன் என்றால், முன்னாடி கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்திருந்தால், உடம்பு பருமனாக இருந்தால் வாய்ப்பு கூட. சுகர் இருந்தாலும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஓடினாலும் புண் ஆறுவது மெதுவாகும்.

அக்காவுக்குப் பீடித் தூள் நெடியில் எப்போதும் ஒரு வறட்டு இருமல் உண்டு. அவர் அந்த இருமலைத்தான் சந்தேகப்பட்டார்.

கைத்தவறே நடக்காது என்று சொல்ல வரவில்லை. இது ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கும் தாளிலேயே எழுதியிருக்கிற சிக்கல். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த தவறு கசிந்த பிறகு.

ஜூன் 14, காலை 7.40

சுகர் மெஷினில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ரெண்டு பேர் எழுதிவிட்டார்கள். நானும் பார்த்தேன். அத்தானுக்குச் சுகர், வீட்டில் மெஷின் இருக்கிறது. மூளைத் தண்ணியில் சர்க்கரை உண்டு, ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் ரெண்டு பங்கு போல. சளியில் அவ்வளவு இருக்காது என்று எங்கேயோ படித்திருந்தேன். நம்பர் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அத்தான் அழுதாலும் அந்த மெஷின் நம்பர் காட்டும்" என்றார். கண்ணீரிலும் மூக்கு நீரிலும் கொஞ்சம் சர்க்கரை இருக்கும், ரத்தம் கலந்தால் இன்னும் கூடும். மெஷின் ரத்தத்துக்குச் செய்தது, வேறு தண்ணிக்கு இல்லை. நம்பர் வந்தாலும் நம்ப முடியாது, வராவிட்டாலும் நம்ப முடியாது.

துணியில் ரத்தத்தைச் சுற்றி வளையம் போட்டால் மூளைத் தண்ணி என்பதும் அதே கதை. சாதாரணத் தண்ணி கலந்தாலும் வளையம் விழும்.

சரியான டெஸ்ட் பேர் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். அந்தப் புரதம் மூளைத் தண்ணியில் உண்டு, சளியில் கிடையாது. சின்ன பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, குனிந்து உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் பிடிக்கச் சொன்னார்கள். அக்கா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பால் கறக்கிற மாதிரி பிடித்தாள். "ஒரு படி தேறுமால?" என்று கேட்டு நர்ஸைச் சிரிக்க வைத்தாள்.

ஜூன் 14, காலை 8.15

மூளைத் தண்ணி மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டவருக்கு: ஒரு நேரத்தில் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பது 150 மில்லி போல, டீக்கடை கிளாஸ் ஒன்று. ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஊறுகிறது. ஊறுவதும் உறிஞ்சுவதுமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கசிந்தால் மூளை வற்றிப்போகும் என்று பயப்பட வேண்டாம். தண்ணி போகிற வழியில் கிருமி உள்ளே வரும், அதுதான் பயம்.

ஜூன் 15, இரவு 9.30

நேற்று பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு எழுதின நோட்டு. நாலு நாள் தாமதம் என்று 13ஆம் தேதி எழுதினேனே, அது சரியில்லை. சொளகில் சொட்டினதை நான் பார்த்தது ஜூன் 7. வெளியூர் போக வேன் வாடகை எழுதியிருப்பது ஜூன் 18. பதினோரு நாள்.

இத்தனை வருஷமாக நாலு நாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். பொய் சொல்லணும் என்று சொல்லவில்லை, எனக்கே அப்படித்தான் பதிந்திருந்தது.

அந்தப் பதினோரு நாளில் கடைசி மூன்று நாள் அக்கா, "தலைய ஆட்டுனா கொடத்துத் தண்ணி தளும்புற மாதிரி சத்தம் கேக்குல" என்றாள். பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஸ்கேனில் பார்த்தால் மண்டைக்குள் கருப்பாகக் காற்று. மூக்குச் சிந்தச் சிந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே ஏறியிருக்கிறது. அவள் கேட்டது நிஜமான சத்தம். துண்டு எடுத்துக் கொடுத்தது நான்.

மூளைக்காய்ச்சல் வராமல் போனதற்குப் பாபநாசத்தில் அத்தான் மொட்டை போட்டார். நான் போடவில்லை, தலையில் ஒன்றும் இல்லை.

ஜூன் 17, மதியம் 1.00

ஆலங்குளம் தம்பியிடமிருந்து: சேர்த்துவிட்டார்கள், மூளைத் தண்ணிதான், தலையை இறுக்கிக் கட்டி, முதுகில் குழாய் போட்டிருக்கிறார்கள். "ஒழுகுகிற இடம் தலையில் இருக்க முதுகில் எதற்கு ஓட்டை" என்று அப்பா சண்டை போடுகிறாராம்.

நான் பம்புசெட் மெக்கானிக். அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: குழாயில் தண்ணி ஓடிக்கொண்டிருக்கும்போது வெடிப்பில் எம்சீல் பிடிக்காது. கீழே ஒரு வால்வைத் திறந்துவிட்டால்தான் மேலே அழுத்தம் இறங்கி, பூசினது காயும். தலையும் முதுகும் ஒரே லைன். முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தால் மேலே ஓட்டை தானாகவே ஆற நேரம் கிடைக்கும். அக்காவுக்கு மணிக்கு 10 மில்லி வைத்தார்கள். ஒரு நாளைக்கு 240. ஊறுவதில் பாதி.

ஜூன் 17, இரவு 10.40

டிரெயின் (அந்த முதுகுக் குழாய்) போட்டிருக்கும்போது கூட இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பையும் சின்ன அளவுக் குழாயும் கட்டில் பக்கத்துக் கம்பியில் ஒரு குறித்த உயரத்தில் தொங்கும். ஆளை உயர்த்தினாலோ பையைத் தாழ்த்தினாலோ கூடுதலாக வடிந்துவிடும். இருமினாலும் வடியும். அசைக்கிறதுக்கு முன்னாடி நர்ஸைக் கூப்பிட்டுக் குழாயை அடைக்கச் சொல்லணும்.

இரண்டாம் நாள் காலையில் அக்கா இட்லி சாப்பிடட்டும் என்று கட்டிலின் தலைமாட்டுப் பிடியைச் சுற்றினேன். கிளிப்பை அடைக்கவில்லை. சாம்பாரைத் திறந்து ஊற்றுவதற்குள் அளவுக் குழாயில் மளமளவென்று ஏறுகிறது. "தலையப் பிடிச்சுக் கீழ இழுக்கால" என்று அலறினாள். நர்ஸ் ஓடிவந்து அடைத்துப் படுக்க வைத்த பிறகு கொஞ்ச நேரத்தில் சரியானது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கட்டில் பிடியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 18

முக்கக் கூடாது. இதை எல்லாரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அதனால் தனியாக எழுதுகிறேன். மலம் இளக மருந்து கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்மணும். அக்கா அப்படித் தும்மினால் வார்டே திரும்பிப் பார்க்கும். எங்கள் ஆச்சி போனிலேயே "நூறாயுசு" என்பாள்.

ஜூன் 21, இரவு 9.15

அக்காவுக்கு டிரெயினில் நிற்கவில்லை. ஐந்து நாள் வைத்தும் குழாயை மூடிப் பார்த்தால் மறுபடி சொட்டியது. பிறகுதான் அடைக்கும் ஆபரேஷன். அதுவும் மூக்கு வழியாகவே, எண்டோஸ்கோப் வைத்து. 1926இல் வால்டர் டேண்டி என்கிற அமெரிக்க டாக்டர் மண்டையைத் திறந்துதான் இந்த மாதிரி ஓட்டையை அடைத்தார். இப்போது பெரும்பாலும் தலையில் கத்தி படாமல் முடிந்துவிடுகிறது.

அடைக்க என்ன வைப்பார்கள் என்று ஒருத்தர் கேட்டார். எம்சீல் இல்லை. தொடையின் வெளிப்பக்கத்தில் கெட்டியான சவ்வு இருக்கிறது, அதில் ஒரு துண்டு. வயிற்றிலிருந்து கொழுப்பு எடுப்பதும் உண்டு. அதற்கு மேலே மூக்கின் நடுச் சுவரிலிருந்து தோல் மாதிரி ஒன்றை, அதன் ரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பிப் போர்த்துவார்கள். ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். இதை 2006இல் அர்ஜென்டினா டாக்டர்கள் எழுதினார்களாம். கேட்டபோது எனக்கு ஒட்டுமாங்கன்று ஞாபகம்தான் வந்தது. தாய்ச்செடியை வெட்டிவிடாமல் கிளையைப் பிணைத்து வைப்போமே, அந்த வேலை.

"சீக்கு மூக்குக்கு, தையல் தொடைக்கா?" என்றாள். சொளகு வைக்கிற தொடை அது. இன்றைக்கும் குளிர் அடித்தால் அந்த இடம் இழுக்கிறது என்பாள்.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் மூக்குக்குள் பொருக்கு, உப்புத் தண்ணி விட்டு விட்டுக் கழுவ வேண்டியிருந்தது. மோப்பம் பாதிதான் திரும்பியது. தூள் நெடி தெரியவில்லை, அது ஒரு வரம் என்கிறாள். ரசம் கருகினாலும் தெரியவில்லை, அதை அத்தான் சொல்கிறார்.

ஜூன் 24, காலை

அசிட்டசோலமைட் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு. டயமாக்ஸ் என்று சீட்டில் இருக்கும். மூளைத் தண்ணி ஊறுவதைக் குறைக்கிற மாத்திரை. எல்லாருக்கும் கொடுப்பதில்லை, அக்காவுக்குக் கொடுத்தார்கள். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பீடி சுற்றுகிறவளுக்கு விரல்தான் எல்லாம், கை போய்விட்டது என்று ராத்திரி அழுதிருக்கிறாள். மாத்திரையை நிறுத்தினதும் போய்விட்டது. முதல் நாளே "இப்படி இருக்கும், பயப்படாதே" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அழுகை இல்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த நாட்களில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தால், செத்த சோடா என்று துப்பினாள். கடைக்காரரிடம் போய் நான் சண்டையே போட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் கேஸ் போட்ட பானம் நாக்கில் சப்பென்று ஆகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் 24, மாலை

தம்பி எழுதியிருக்கிறார்: அம்மாவுக்கு டிரெயின் எடுத்தாகிவிட்டது, மூடிப் பார்த்த ஒரு நாளும் சொட்டவில்லை. குனியச் சொல்லிப் பார்த்தார்கள், துணி உலர்ந்தே இருந்தது. அப்பா இப்போது வார்டில் மற்றவர்களுக்கு வால்வு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஜூலை 2, இரவு 11.00

துபாயிலிருந்து நம் வள்ளியூர்க்காரர் ஒருத்தர். பிட்யூட்டரியில் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் சுரக்கும் கட்டி, ஆபரேஷனே இல்லை, கட்டியைச் சுருக்குகிற கேபர்கோலின் மாத்திரை மட்டும். ரெண்டு மாசமாக மூக்கில் தண்ணி. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கும் முதலில் ஏசி என்றுதான் தோன்றியது. ஒரு தடவை பட்டாகிவிட்டது, அதனால் வாயை மூடிக்கொண்டு அக்காவுக்கு இப்போது மாத்திரை பார்க்கிற டாக்டரிடம் கேட்டேன். அவர் உடனே, "அவரை ஸ்கேனுக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கட்டி சில பேருக்கு அடி எலும்பையே அரித்துக்கொண்டு மூக்குப் பக்கம் இறங்கியிருக்கும். ஓட்டை போட்டதும் அதுதான், ஓட்டைக்கு அடைப்பாக நிற்பதும் அதுதான். மாத்திரையில் கட்டி சுருங்கினால் அடைப்பு கழன்றுவிடும். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கே இது அடையாளம். பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

கிணற்றுப் பாறையில் வேர் இறங்கியிருக்கும், மரத்தை வெட்டினபிறகுதான் ஊற்றுத் தெரியும். அது மாதிரி.

ஜூலை 3

அவரே மறுபடி: உடனே ஃபிளைட் பிடித்து ஊருக்கு வந்துவிடட்டுமா? வேண்டாம். முதலில் அங்கேயே ஸ்கேன். மண்டைக்குள் காற்று ஏறியிருந்தால், மேலே பறக்கும்போது அழுத்தம் குறைந்து அந்தக் காற்று விரியும். காற்று இல்லை, பறக்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள்.

காற்று என்றதும் கொரோனா ஞாபகம். 2020இல் அக்கா தெருவில் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினாள். வந்த பையன் படித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் குச்சி விட்டதில் மூளைத் தண்ணி கசிந்ததாக மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அவருக்கு அடி எலும்பில் ஏற்கனவே குறை இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. சம்மரியை லேமினேட் பண்ணி வைத்ததற்கு என்னைக் கிண்டல் பண்ணினவர்கள் எல்லாம் இங்கேயே இருக்கிறார்கள்.

ஜூலை 19

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முங்கலாமா, குற்றாலத்தில் தலையைக் கொடுக்கலாமா? தம்பியின் அம்மா கேட்கிறாராம். அக்கா கேட்டபோது டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "மெயின் அருவி மேலே விழுகிற வேகத்துக்கு நான் போட்ட ஒட்டு பொறுப்பேற்காது." முதல் வருஷம் படித்துறையில் உட்கார்ந்து சொம்பில் ஊற்றிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் ஆற்றில் முங்கலாம் என்று அனுமதி வந்தது. அருவிக்கு அவளே போகவில்லை. ஒவ்வொருத்தருக்கும் கணக்கு வேறு, காது எலும்பு விஷயத்தில் இன்னும் வேறாக இருக்கும். கேட்டுச் செய்யுங்கள்.

நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். கசிவு வழியாக மூளைக்காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் நிமோகாக்கஸ் என்கிற கிருமிதானாம். அக்காவுக்குப் போட்டார்கள்.

ஆகஸ்ட் 4

துபாய்க்காரர்: மூளைத் தண்ணிதான். அங்கேயே அடைத்துவிட்டார்கள். தொடைத் தையல்தான் வலிக்கிறது என்கிறார். அக்காவிடம் சொன்னேன், "சொளகு வைக்காம இருக்கச் சொல்லு" என்றாள்.

ஆகஸ்ட் 18, இரவு 8.50

இன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேகாத்து, தூறல். திண்ணையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகுது என்று மகள் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் பாட்டுக்குச் சொளகில் ஒரு நல்ல இலையாக எடுத்து வைத்து, அதன் மேல் குனிந்து காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது. இலை நனையவில்லை, விழுந்த இடத்திலேயே குமிழாக நின்றது. ஆள்காட்டி விரலால் தொட்டு மேலே இழுத்தாள். நூலாக வந்தது.

"சளிதாம்ல" என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நூல்கண்டை எடுத்தாள். அந்த இலையைக் கழித்துப் போட்டாளா என்று யாரும் கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை.